விளிம்பும் அடிப்பக்கமும்: பெஞ்ச் மேல்பலகை பற்றி ஒரு நீண்ட பதிவு

மரவேலை பெஞ்சுக்கு மேல்பலகை வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் பலகையின் முகத்தைத் தடவிப் பார்ப்பார்கள். வழவழப்பாக இருக்கிறதா, நிறம் சீராக இருக்கிறதா, ஒட்டுத்தாளில் கணு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு விலை கேட்பார்கள். நான் நேராக விளிம்புக்குப் போய்விடுவேன். அடுக்கின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பலகையின் நான்கு ஓரங்களையும் கண்ணை ஒட்டிவைத்துப் பார்ப்பேன். பலகைக்குள் என்ன இருக்கிறது என்பது அங்கேதான் தெரியும். பின்னால் தண்ணீர் உள்ளே புகும் வழியும் அதுதான். ஒரு பெஞ்ச் பலகை எத்தனை வருஷம் தட்டையாக நிற்கும் என்பதை அதன் முகத்தைவிட அதன் விளிம்பும் அடிப்பக்கமும்தான் தீர்மானிக்கின்றன. இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

பெஞ்ச் என்றால் ஒரே தடித்த மரத்தில் செய்ய வேண்டும் என்று பலருக்கு ஆசை உண்டு. 1769-இல் பாரிஸில் ரூபோ என்பவர் எழுதி வெளியிடத் தொடங்கிய தச்சுக்கலை நூலில் இருக்கும் பெஞ்ச் படத்தைப் பார்த்தால் யாருக்கும் அந்த ஆசை வரும். ஒரே துண்டு, அரை அடி தடிமனுக்குக் கிட்டத்தட்ட, அதன் வழியே கால்கள் ஊடுருவி மேலே முகம் காட்டும். ஆனால் அந்தத் தடிமனில் முழுதாக உலர்ந்த மரம் நம் ஊர் மரவாடியில் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அந்த விலைக்கு ஒரு வீட்டுக்கே கதவு போட்டுவிடலாம். அரைகுறையாகக் காய்ந்ததை வாங்கிப் பெஞ்ச் செய்தால் இரண்டு கோடைக்குள் வெடிப்பு விட்டு, முறுக்கிக்கொண்டு நிற்கும். ப்ளைவுட், எம்டிஎஃப் போன்ற தகட்டுப் பலகைகளில் செய்வதை நான் மட்டமான மாற்றாகப் பார்க்கவில்லை. நம் பருவநிலைக்கும் நம் கையில் இருக்கும் பணத்துக்கும் அதுவே நேர்மையான தேர்வு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஆசாரிகளில் பலர் இன்றும் பெஞ்ச் இல்லாமல் தரையில் உட்கார்ந்து, காலால் மரத்தைப் பிடித்துக்கொண்டு இழைக்கிறார்கள், உளி போடுகிறார்கள். அது குறைவான முறை அல்ல. சிறுவயதிலிருந்து உடம்பைப் பழக்கியவர்களுக்கு அதில் கிடைக்கும் பிடிமானம் அபாரமானது. முப்பது நாற்பது வயதுக்குமேல் மரவேலையைத் தொடுகிற நமக்கு முதுகும் முழங்காலும் அதற்கு ஒத்துழைக்காது. நமக்கு நின்று வேலை செய்ய ஒரு மேடை வேண்டும்.

அந்த மேடையின் மேல்பலகையிடம் நான் எதிர்பார்ப்பது நான்கு. தட்டையாக இருக்க வேண்டும், தட்டையாகவே தொடர வேண்டும். இழைப்புளியைத் தள்ளும்போது நகராத அளவுக்குக் கனம் வேண்டும். கொட்டாப்புளி அடியைத் துள்ளாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். கீறல், பெவிகால் கறை, தவறிப்போய் இறங்கும் ரம்ப வெட்டு எல்லாம் பட்ட பிறகு புதுப்பிக்க முடிய வேண்டும். அழகு இந்தப் பட்டியலில் இல்லை.

இனி கடையில் இருப்பவற்றைப் பார்ப்போம்.

பார்ட்டிகிள் போர்டை ஒரே வரியில் முடித்துவிடலாம்: பெஞ்சுக்கு வேண்டாம். தொடர்ந்து பாரம் ஏற்றினால் மெல்லத் தொய்யும், திருகாணி பிடிக்காது, ஈரம் பட்ட விளிம்பு உப்பி உதிரும்.

எம்டிஎஃப் விஷயம் வேறு. இதைத் திட்டுகிறவர்கள் அதிகம், ஆனால் பெஞ்ச் பலகைக்குத் தேவையான முதல் குணமான தட்டைத்தன்மை இதனிடம்தான் மிகுதி. மரத்தை நாராக்கிப் பசையோடு சூட்டில் அழுத்திச் செய்வதால் இழைப்போக்கு என்று ஒன்று இல்லை. கணு இல்லை, உள்ளே பொந்து இல்லை. 18 மிமீ தடிமனில் ஒரு எட்டுக்கு நாலு பலகை ஏறத்தாழ 40 கிலோ வரும், ஒருவர் தனியாகத் தூக்க முடியாது. அந்தக் கனம் பெஞ்சில் நமக்குச் சாதகம். ஜெர்மனியின் ஃபெஸ்டூல் நிறுவனம் விற்கும் வேலைமேசையின் மேல்பலகை எம்டிஎஃப்தான்: 20 மிமீ துளைகள், துளைக்குத் துளை 96 மிமீ இடைவெளி. அந்தப் பலகை தேய்ந்தால் கழற்றிவிட்டுப் புதிது போட்டுக்கொள்வதற்கென்றே தனியாகவும் விற்கிறார்கள். மேல்பலகையை மாற்றக்கூடிய பொருளாகப் பார்க்கும் அந்தப் பார்வை எனக்கு மிகவும் பிடித்தது.

எம்டிஎஃப்பின் குறைகள் இரண்டு. ஒன்று, விறைப்பு. அதே தடிமனுள்ள நல்ல ப்ளைவுட்டோடு ஒப்பிட்டால் இதன் விறைப்பு பாதிகூடத் தேறாது. அடியில் நெருக்கமாகக் குறுக்குச் சட்டங்கள் கொடுக்காவிட்டால் நடுவில் தொய்யும். மற்றொன்று தண்ணீர். எம்டிஎஃப்பின் இரு முகங்களும் ஆலையில் சூட்டழுத்தத்தில் இறுகிப்போனவை, தண்ணீரைக் கொஞ்ச நேரம் தாங்கும். நடுப்பகுதி அப்படி இல்லை, நார்கள் தளர்வாக இருக்கும். நாம் அறுக்கும்போது அந்த நடுப்பகுதிதான் விளிம்பாக வெளியே வருகிறது. தண்ணீர் குடித்த நார் உப்பும். காய்ந்த பிறகு பழைய அளவுக்குத் திரும்பாது. மழைச்சாரல் அடிக்கும் ஷெட்டில் விளிம்பை மூடாமல் எம்டிஎஃப் போடுவது பணத்தைக் கரைப்பது. அறுக்கும்போது கிளம்பும் தூசி மிக நுண்ணியது, பசையும் கலந்தது. துணியை மூக்கில் கட்டிக்கொண்டால் போதாது. தூசிக்கென்றே உள்ள முகமூடி வேண்டும்.

இப்போது கடைகளில் எச்டிஎச்எம்ஆர் என்று ஒன்றை முன்னால் எடுத்து வைக்கிறார்கள். எம்டிஎஃப்பைவிட அடர்த்தியானது, ஈரத்தையும் கூடுதலாகத் தாங்கும். விலை ஒத்துவந்தால் தாராளமாக வாங்கலாம். விளிம்பை மூடும் வேலை மட்டும் இதற்கும் உண்டு.

நம் ஊரில் பலரும் யோசிக்காத ஒரு வழி ஃப்ளஷ் டோர். வீட்டு அறைக்கதவாக விற்கும் 30 அல்லது 35 மிமீ கதவுப் பலகை. உள்ளே மரச்சட்டங்கள் நெருக்கமாக அடுக்கி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தாள் ஒட்டியது. இருபுறமும் சமமாக இருப்பதால் வளையாமல் நிற்கும். ஆறே முக்கால் அடி நீளம், இரண்டரை அடி அகலம் என்று பெஞ்சுக்கென்றே அளவெடுத்த மாதிரி கிடைக்கும். பழைய கட்டடம் இடிக்கும் இடங்களில் இன்னும் மலிவாகக் கிடைக்கும். சின்னச் சின்ன வேலை, ஒட்டுவேலை, பெட்டி செய்வது என்ற அளவில் இருப்பவருக்கு இதையே சொல்வேன். கனமான உளிவேலைக்கும், துளையிட்டுக் கொக்கி இரும்பு இறக்கி மரத்தை இறுக்கிப் பிடிப்பதற்கும் இது ஆகாது. உள்ளே இருக்கும் சட்டங்களுக்கு நடுவே இடைவெளி இருக்கலாம், துளை போடும் இடத்தில் எது மாட்டும் என்று வெளியிலிருந்து தெரியாது.

ப்ளைவுட்தான் என் தேர்வு. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடையில் எம்ஆர், பிடபிள்யூஆர், பிடபிள்யூபி என்று மூன்று பெயர் சொல்வார்கள். வித்தியாசம் பெரும்பாலும் பசையில் இருக்கிறது. எம்ஆர் என்பது காற்றின் ஈரத்தைத் தாங்கும், அவ்வளவுதான். கடைசியாகச் சொன்ன பிடபிள்யூபி, ஐஎஸ் 710 என்ற தரத்தின் கீழ் வருவது. மரைன் ப்ளை என்பார்கள். அதன் மாதிரித் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டும் அடுக்குகள் பிரியாமல் இருக்க வேண்டும் என்பது தேர்வு. அதில் இருப்பது ஃபீனால் பசை. பெஞ்சைக் கொதிக்க வைக்கப்போவதில்லை, உண்மைதான். ஆனாலும் மொட்டைமாடி ஷெட்டிலோ, கார் நிறுத்தும் இடத்திலோ, கடலோர ஊரிலோ பெஞ்ச் போடுகிறவர்கள் இந்தத் தரத்துக்குக் கீழே இறங்க வேண்டாம். வீட்டுக்குள் ஓர் அறை இருந்தால் பிடபிள்யூஆர் போதும்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தப் பெயர்கள் பசைக்குத்தான் உத்தரவாதம். ப்ளைவுட்டில் பசை தண்ணீரைத் தாங்கும், ஆனால் நடுவில் இருப்பது மரம், அது ஈரத்தைக் குடிக்கத்தான் செய்யும். "சார், இது மரைன், பாலிஷே தேவையில்ல" என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து பூச வேண்டியதைப் பூசிவிடுங்கள்.

முகத்தாளின் சிவப்பு நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது சாயமாகவும் இருக்கலாம். பலகையின் மேல் அச்சடித்திருக்கும் ஐஎஸ்ஐ முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற அரசு செயலியில் அந்த எண்ணைத் தட்டினால், அந்த உரிமம் யாருடையது, எந்தப் பொருளுக்கானது, இப்போது நடப்பில் இருக்கிறதா என்று காட்டிவிடும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

பிறகு விளிம்பு. அடுக்குகள் ஒரே தடிமனில் நேர்க்கோடாக ஓடுகின்றனவா? எங்காவது ஓர் அடுக்கு பாதியில் நின்று, கறுப்பாகச் சந்து தெரிகிறதா? இரண்டு துண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறி மேடு தட்டியிருக்கிறதா? சந்து தெரிந்தால் அதே மாதிரி உள்ளேயும் பல இடங்களில் இருக்கும். நாணயத்தால் முகத்தைத் தட்டிக்கொண்டே போனால் பொந்து இருக்கும் இடத்தில் சத்தம் மாறும். அப்படிப்பட்ட இடத்தில் கொட்டாப்புளி அடி விழுந்தால் முகத்தாள் உள்ளே போகும். அதற்கடுத்து, பலகையை நிறுத்திவைத்து மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பாருங்கள். வளைந்த பலகையைச் சட்டத்தில் திருகி நிமிர்த்திவிடலாம் என்று சொல்வார்கள். பெரும்பாலும் பலகை நிமிராது, சட்டம்தான் அதற்கேற்ப வளையும். கேரளத்தின் பெரும்பாவூர் பக்கம் ரப்பர் மரத்தில் செய்யும் பலகைகளும், ஹரியானாவின் யமுனாநகரில் பாப்லர், யூகலிப்டஸ் மரங்களில் செய்பவையும் நம் சந்தையில் கலந்து கிடைக்கின்றன. எந்த ஊர்ச் சரக்கு என்பதைவிட, கையில் இருக்கும் அந்த ஒரு பலகை எப்படி இருக்கிறது என்பதே எனக்கு முக்கியம்.

கான்கிரீட் சென்ட்ரிங்குக்குப் பயன்படும் ஃபிலிம் ஒட்டிய ப்ளைவுட்டைப் பற்றியும் கேட்பார்கள். பழுப்பு நிறத்தில் பளபளவென்று இருக்கும். இரண்டு முகமும் ஃபீனால் பசை ஊறிய தாளால் மூடப்பட்டவை, ஓரங்களுக்கும் ஆலையிலேயே வண்ணம் பூசியிருப்பார்கள். சிந்திய பெவிகால் காய்ந்ததும் உளி நுனியால் தட்டினால் பெயர்ந்துவிடும். ஒட்டுவேலை மேசைக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. இழைக்கிற பெஞ்சுக்குச் சற்று வழுக்கும். நம் அளவுக்கு வெட்டியதும் ஆலையில் பூசிய ஓரம் போய்விடும், புது ஓரத்தை நாம்தான் மூட வேண்டும்.

தடிமன் பற்றி ஒரு கணக்கு. பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். 18 மிமீ பலகையின் மேல் இன்னொரு 18 மிமீ பலகையைச் சும்மா வைத்தால் விறைப்பு இரண்டு மடங்கு. இரண்டையும் முழுப் பரப்பிலும் பசையிட்டு ஒட்டி 36 மிமீ ஆக்கிவிட்டால் எட்டு மடங்கு. பொருள் ஒன்றுதான், செலவும் கிட்டத்தட்ட ஒன்றுதான், பசை மட்டும்தான் கூடுதல். ஓரத்தில் மட்டும் பட்டை ஒட்டித் தடிமனாகக் காட்டுகிற பெஞ்சுகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

எட்டுக்கு நாலு பலகை ஒன்று போதும். முதலில் ஒரு முனையிலிருந்து இரண்டடியைக் குறுக்கே அறுத்துவிடுங்கள். மீதம் ஆறுக்கு நாலு. அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் ஆறுக்கு இரண்டு அளவில் இரண்டு பலகை. அவை இரண்டும் ஒட்டினால் மேல்பலகை. முதலில் அறுத்த நாலுக்கு இரண்டு துண்டு கால்களுக்கு நடுவே கீழ்த்தட்டாகும். அந்தத் தட்டில் கருவிப்பெட்டிகளை ஏற்றி வைத்தால் பெஞ்சுக்குக் கனமும் கூடும். பெரும்பாலான கடைகளில் அறுக்கும் மெஷின் உண்டு, அங்கேயே அறுத்து வாங்கினால் வீட்டுக்குக் கொண்டுவருவதும் சுலபம்.

ஒட்டும்போது தரை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒட்டும்போது பலகை எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே இறுகிவிடும். பெவிகாலைப் பல் வெட்டிய தகட்டால் இழுத்துவிட்டு, இண்டு இடுக்கு விடாமல் பரப்ப வேண்டும். நடுவில் கிளாம்ப் எட்டாது என்பதால் அடிப்பக்கத்திலிருந்து அரை அடிக்கு ஒன்றாகத் திருகாணி இறக்கி இறுக்கலாம், மேல்முகத்தைத் துளைக்காத நீளமாகப் பார்த்து. பசை இறுகிய பிறகு எல்லாத் திருகாணியையும் கழற்றிவிடுங்கள். பின்னால் துளை போடும்போது துரப்பண முனை இரும்பில் மாட்டினால் முனை போய்விடும்.

இனி பூச்சு. இங்கேதான் சற்று நிதானிக்க வேண்டும்.

பூச்சு எதற்கு என்று கேட்டால் "தண்ணி படாம இருக்க" என்பார்கள். சிந்தும் தண்ணீரைத் துடைத்துவிடலாம். காற்றில் இருக்கும் ஈரத்தைத் துடைக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கத்துக் காற்றில் இருக்கும் ஈரத்தைப் பலகை மெல்ல மெல்லக் குடித்துக்கொண்டே இருக்கும். பங்குனி, சித்திரையில் திருப்பிக் கக்கும். எந்தப் பூச்சும் இதை நிறுத்தாது, வேகத்தைக் குறைக்கும். அந்த வேகம் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் பலகை தட்டையாகவே இருக்கும். மேலே பளபளவென்று நான்கு பூச்சு, அடியில் ஒன்றுமில்லை என்று விட்டால் அடிப்பக்கம் மட்டும் ஈரத்தைக் குடித்து விரியும்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், வாழ்நாள் முழுக்கக் கதவு ஜன்னல் செய்தவர். அவர் சொல்வார்: "தம்பி, பச்சையா விட்ட பக்கம் மழைக்கு உப்பும், மத்த பக்கம் குழியும். மைக்கா ஒரு பக்கம் மட்டும் ஒட்டின கதவப் பாரு, அத்தனையும் வில்லு மாதிரி நிக்கும்." சமையலறை அலமாரிக் கதவில் நாம் அன்றாடம் பார்ப்பதுதான் இது. உள்பக்கமும் அதே தடிமனில் ஒரு லேமினேட் ஒட்டினால் வளையாது. பெஞ்ச் பலகைக்கும் அதே விதி. மைக்கா ஒட்டுவதென்றால் இருபுறமும், பூசுவதென்றால் இருபுறமும் ஒரே எண்ணிக்கையில்.

எந்தப் பூச்சு ஈரத்தை எவ்வளவு தடுக்கும் என்பதற்கு நல்ல ஆய்வு இருக்கிறது. அமெரிக்க வனத்துறையின் மேடிசன் ஆய்வகம் 1985-இல் வெளியிட்டது. மரத்துண்டுகளில் 91 வகைப் பூச்சுகளைப் பூசி, 30 விழுக்காடு ஈரப்பதத்திலிருந்து 90 விழுக்காட்டுக்கு மாற்றி, பூசாத துண்டோடு ஒப்பிட்டு எவ்வளவு ஈரம் ஏறுகிறது என்று நாள்கணக்கில் எடைபோட்டார்கள். உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கியெடுத்த மரம் 14 நாளுக்குப் பிறகும் 95 விழுக்காடு ஈரத்தை வெளியே நிறுத்தியது. இரண்டு பகுதி கலந்து பூசும் எபாக்ஸி நன்றாகத் தடுத்தது. நாம் எண்ணெய் போட்டால் தண்ணீர் ஏறாது என்று நம்பும் ஆளிவிதை எண்ணெய், மூன்று பூச்சு கொடுத்தும் இரண்டு வாரத்தில் அநேகமாக எதையும் தடுக்கவில்லை. பழைய கால அரக்கு, அதாவது ஷெல்லாக், பூச்சுகளின் எண்ணிக்கை கூடக்கூட நன்றாகவே தாக்குப்பிடித்தது.

இதைப் படித்ததிலிருந்து விளிம்புக்கும் அடிப்பக்கத்துக்கும் நான் அரக்குதான் பூசுகிறேன். புரசமரத்திலும் இலந்தையிலும் குசும் மரத்திலும் வாழும் அரக்குப்பூச்சி சுரப்பதைச் சுத்தம் செய்து, மெல்லிய செதில்களாக விற்கிறார்கள். பெரும்பகுதி ஜார்க்கண்டிலிருந்து வருகிறது. ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் அரக்குக்கென்றே 1920-களில் தொடங்கிய ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் நாட்டிலேயே விளையும் இந்தப் பொருளைச் சின்னச் சின்னப் பெயின்ட் கடைகளில்கூடக் கேட்டு வாங்கலாம். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 100 கிராம் செதில் போட்டு இரவு முழுக்க ஊறவிட்டு, துணியில் வடிகட்டினால் முதல் பூச்சுக்கான நீர்த்த கரைசல். அடுத்தடுத்த பூச்சுக்கு 200 கிராம். பாலிஷ் ஸ்பிரிட்டில் மெத்தனால் இருக்கும், அது நஞ்சு. அதனால் கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கும் பீடி சிகரெட்டுக்கும் தூரத்தில் வேலை செய்ய வேண்டும். கரைத்து வைத்ததை ஆறு மாதத்துக்குமேல் வைத்துக்கொள்ளாதீர்கள். பழைய கரைசல் பூசினால் பிசுபிசுப்பு போகவே போகாது.

விளிம்பில் பூசும் முறை இது. முதலில் 120, பிறகு 180 எண் உப்புத்தாள். கூர்முனையை லேசாக மழுக்கிவிடுங்கள், கத்திமுனை போன்ற ஓரத்தில் எந்தப் பூச்சும் நிற்காது. ப்ளைவுட் என்றால் சந்துகளை மரத்தூளும் எபாக்ஸியும் கலந்து அடைக்க வேண்டும். எம்டிஎஃப் என்றால் முதலில் பெவிகாலில் சம அளவு தண்ணீர் கலந்து விளிம்பில் தேய்த்து, காய்ந்தபின் எழும்பிய நாரை உப்புத்தாளால் எடுத்துவிடலாம். அதன் பிறகு அரக்கு. முதல் பூச்சை விளிம்பு அப்படியே உறிஞ்சிவிடும், பூசினீர்களா என்றே தெரியாது. இரண்டாவதும் அப்படித்தான். விளிம்பு குடிப்பதை நிறுத்தி மேலே மினுமினுக்கத் தொடங்கும்வரை விடக்கூடாது. அரக்கு சீக்கிரம் காயும் என்பதால் ஒரே நாளில் பல பூச்சு கொடுத்துவிடலாம். அரக்கு சூட்டுக்கும் சாராயச் சத்துக்கும் இளகும், தண்ணீர் தேங்கினால் வெளுக்கும். அதனால்தான் மேல்முகத்தில் இதை மட்டும் நம்புவதில்லை. அடியிலும் ஓரத்திலும் அந்தத் தொல்லை இல்லை.

பூசும் காலமும் முக்கியம். மாசி, பங்குனியில் பூசுங்கள். அதற்குமுன் சில நாள்கள் பலகையை அடியில் ரீப்பர் கொடுத்து, இருபுறமும் காற்று படும்படி அறையில் கிடத்தி வையுங்கள். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய பலகையை மூடினால், வெளியேற வேண்டிய ஈரமும் உள்ளேயே நின்றுவிடும்.

மேல்முகத்துக்கு வருவோம். பளபளக்கும் பியு, மெலமைன் பூச்சுகளை நான் பெஞ்சின் மேல் போடுவதில்லை. இழைக்கும்போது மரம் வழுக்கும், விளக்கொளி பட்டுக் கண் கூசும், ஒரு சுத்தியல் அடி பட்டால் படலம் செதிலாகப் பெயரும், பெயர்ந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியாது. மேலேயும் அடியைப் போலவே அரக்கு பூசிச் சமப்படுத்திவிட்டு, அதன்மேல் ஒரு 6 மிமீ எம்டிஎஃப்போ 3 மிமீ ஹார்ட்போர்டோ தோலாகப் போடுகிறேன். பசை இல்லை, தலை உள்ளே அமிழும்படி ஓரங்களில் சில திருகாணி மட்டும். ஹார்ட்போர்டு எனக்கு இன்னும் பிடிக்கும். 1924-இல் அமெரிக்காவின் லாரல் என்ற ஊரில் வில்லியம் மேசன் என்பவர் மரச்சில்லுகளை நீராவி அழுத்தத்தில் வெடிக்கவிட்டு நாராக்கி, மரத்திலேயே இருக்கும் லிக்னினைப் பசையாக வைத்து அழுத்திச் செய்த முறையில் பிறந்தது அது. மெல்லியதாக இருந்தாலும் முகம் இறுகியிருக்கும்.

இந்தத் தோலுக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெய். பெயின்ட் கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் என்று கேட்டால் தருவார்கள். டர்பன்டைன் கலந்து இரண்டு பக்கமும் துணியால் தேய்த்து, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். ஈரக்காற்றை இது தடுக்காது என்று மேலேதான் சொன்னேன். இங்கே அது தேவையும் இல்லை, கறை ஊறாமலும் முகம் வழுக்காமலும் இருந்தால் போதும். காய்ந்ததும் தேன்மெழுகை மெல்லத் தேய்த்தால் பெவிகால் ஒட்டாது. மெழுகு அதிகமானால் நீங்கள் செய்யும் சாமானின் அடியில் ஒட்டி, அங்கே பாலிஷ் பிடிக்காமல் போகும். ஆகவே கொஞ்சமாக.

எண்ணெய் துடைத்த துணியைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். அதைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு விடும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். விரித்துக் கொடியில் தனித்தனியாகக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் அமிழ்த்தி வையுங்கள்.

துளைகள் போடுகிறவர்கள் துளையின் உட்சுவரும் ஒரு விளிம்புதான் என்பதை நினைவில் வையுங்கள். 19 அல்லது 20 மிமீ துளை போட்டதும் வாயைச் சற்றுச் சாய்வாகச் சீவி, குச்சியில் துணி சுற்றி உள்ளே அரக்கு தடவிவிட வேண்டும். கொக்கி இரும்பு இறுகப் பிடிக்க 36 மிமீ தடிமன் போதாது. அந்தத் துளைகளுக்கு நேர் கீழே ஒரு கட்டைத் துண்டை ஒட்டித் தடிமனை இரண்டு அங்குலத்துக்குமேல் கொண்டுவந்தால் நன்றாகப் பிடிக்கும்.

வருஷாவருஷம் புரட்டாசி கடைசியில், மழை தொடங்குவதற்கு முன், பெஞ்சுக்கடியில் டார்ச் அடித்துப் பார்ப்பேன். எங்காவது பூச்சு உரசிப் போயிருந்தால் அந்த இடத்தை மட்டும் துடைத்து, புதிய அரக்கு பூசினால் பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும், உப்புத்தாள்கூட வேண்டாம். மேலே இருக்கும் எம்டிஎஃப் தோல் கீறிக் குழிந்திருந்தால் திருப்பிப் போடுவேன். ஹார்ட்போர்டு என்றால் பல வகைகளில் ஒரு முகம்தான் வழவழப்பு, மறுபக்கம் வலைத் தடம் இருக்கும், திருப்ப முடியாது, புதிது போட வேண்டியதுதான். கழற்றியதை எறிவதில்லை. நல்லதாக எஞ்சியிருக்கும் பகுதியை வெட்டி இழுப்பறைக்கு அடித்தட்டாகப் போட்டுக்கொள்வேன்.